பெல்ட்டா, பாடி சூட்டா? டம்மி டக் முடிந்து ஒரு சேலத்துக் கோடை

இரண்டு சிசேரியனுக்குப் பிறகு என் வயிற்றின் நடுத் தசை விலகியே நின்றுவிட்டது. அதை இழுத்துத் தைத்து, தொங்கும் தோலையும் எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். அந்த ஆபரேஷன்தான் டம்மி டக். பிள்ளைகளுக்கு லீவு என்று ஏப்ரல் கடைசியில் நாள் குறித்தோம். அடுத்த வாரமே அக்னி நட்சத்திரம் என்பது யாருக்கும் தோன்றவில்லை! ஆறு வாரம், குளிக்கும் நேரம் தவிர, வயிற்றைக் கட்டியபடியே இருக்கச் சொன்னார்கள்.

கட்டுவதற்குக் காரணம் உண்டு. இந்த ஆபரேஷனில் தொப்புளுக்கு மேல்வரை தோலைத் தசையிலிருந்து பிரித்தெடுத்துத்தான் தைக்கிறார்கள். இடையில் நீர் கோக்கும், வீங்கும். கட்டு அந்த வீக்கத்தை அடக்கி, இருமும்போதும் எழும்போதும் தையலுக்குத் தாங்கல் கொடுக்கிறது. நீர் கோக்கவே கோக்காது என்று அர்த்தமில்லை. அதற்காகத்தான் அந்த நீரை வெளியே எடுக்கும் ட்ரெயின் குழாயும் வைக்கிறார்கள்.

முதல் மூன்று வாரத்துக்கு என் ஓட்டு பெல்ட்டுக்கே. அகலமான எலாஸ்டிக் பட்டை, முன்பக்கம் வெல்க்ரோ. கட்டிலில் விரித்துப்போட்டு, அதன்மேல் படுத்து, இரண்டு பக்கமும் இழுத்து ஒட்டினால் போதும். குனிய வேண்டாம், கால் தூக்க வேண்டாம். ட்ரெயின் குழாயை ஓரமாக வெளியே விடலாம். காலையில் வயிறு கொஞ்சம் வற்றியிருக்கும், சாயந்திரம் உப்பிவிடும்; அதற்குத் தகுந்தபடி ஒரு விரல் தளர்த்தலாம். விலையும் சில நூறு ரூபாய்தான்.

தொல்லையும் உண்டு. உட்கார்ந்தால் மேலே ஏறி விலா எலும்பில் குத்தும். பெல்ட்டுக்குக் கீழே கட்டாமல் விட்ட இடம் தனியாக வீங்கி நிற்கும். வெல்க்ரோ என் நைட்டி நூலையெல்லாம் பிடுங்கியது. ராத்திரி இரண்டு மணிக்குப் பர்ரென்று பிரித்தால், பக்கத்து அறையிலிருந்து மாமியார் "என்னம்மா கிழிஞ்சுது?" என்பார்.

பாடி சூட் வேறு ஜாதி. மார்புக்குக் கீழிருந்து தொடைவரை ஒரே சீராக அழுத்தும், நகராது, மடியாது. இடுப்பில் கொழுப்பு உறிஞ்சியவர்களுக்கு அந்த இடத்தையும் பிடிக்கும். சுடிதாருக்குள் போட்டால் வெளியே தெரியாது. ஆனால் அதற்குள் காலை விட்டு ஏற்ற வேண்டும். நிமிர்ந்து நிற்கவே முடியாத முதல் வாரத்தில் அது நடக்கிற காரியமா? பக்கவாட்டில் வரிசையாகக் கொக்கி. பிடித்து மாட்ட வீட்டில் ஆள் வேண்டும். என் கணவர் நான்காவது கொக்கிக்கே வியர்த்துவிட்டார். வீக்கம் வற்றினால் சைஸும் மாறும். ஒரு கடையில் அளவே எடுக்காமல், "டைட்டா போட்டாதான்க்கா ஒட்டும்" என்று சின்னதாகக் கொடுத்தார்கள். ஒரே நாளில் கழற்றி வைத்தேன். ஆயிரக்கணக்கில் போன பணம். துவைத்து மாற்ற இன்னொன்றும் வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அந்த 'டைட்' பேச்சைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தையலுக்கு மேலுள்ள தோலுக்கு அந்த நாட்களில் ரத்த ஓட்டமே குறைவு. அதிகமாக இறுக்கினால் புண் ஆறுவது கெடும், மூச்சும் முட்டும். உள்ளே இரண்டு விரல் நுழைய வேண்டும். கழற்றும்போது தோலில் ஆழமான வரி விழுந்திருக்கக் கூடாது. கட்டிவிட்டோமே என்று படுத்தே கிடக்கவும் கூடாது, காலில் ரத்தம் உறையும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, பெல்ட்டைச் சரிசெய்துகொண்டு உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வயிற்றை ஒல்லியாகக் காட்ட உள்ளே போடும் ஜவுளிக்கடை ஷேப்பர் இந்தப் போட்டியிலேயே இல்லை. அதன் விளிம்பு சுருண்டு, சரியாகத் தையல்மேல் வந்து உட்காரும்.

அம்மா மூன்றாவது கட்சி. "எங்க காலத்துல பழைய பருத்திச் சேலைய மடிச்சுச் சுத்துனோம் கண்ணு, இதுக்குப் போயி இவ்வளவு காசா?" பிரசவத்துக்குச் சரி; தைத்த வயிற்றில் முடிச்சு ஒரு பக்கம் அழுத்தும், மறுபக்கம் நெகிழும். ஆனால் அந்தச் சேலைதான் என்னைக் காப்பாற்றியது. எலாஸ்டிக் நேராகத் தோலில் பட்டு இரண்டே நாளில் வேர்க்குரு. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, சேலைத் துண்டை மடிப்பில்லாமல் உள்ளே விரித்து மேலே பெல்ட் போட்டேன். தினம் இரண்டு துண்டு மாற்றம்.

குழாய் எடுத்து, நான்காம் வாரம் சரியான அளவில் சூட்டுக்கு மாறினேன். மத்தியானம் கரண்ட் போனால் மட்டும் மறுபடி பெல்ட். ஆறாம் வாரம் ஏற்காட்டுக்கு அத்தை வீட்டுக்குப் போனோம். இருபது கொண்டை ஊசி வளைவிலும் வயிறு ஆடாமல் சூட் பிடித்துக்கொண்டது. மேலே அந்தக் குளிரில் அதைக் கழற்றவே மனம் வரவில்லை. கீழே சேலத்தில் அஸ்தம்பட்டி வந்ததும் கழற்றினால் போதும் என்றாகிவிட்டது.

பெல்ட் இப்போது அம்மாவிடம். முதுகு வலிக்கு நல்லா இருக்காம்.