எஸ்டீம் ராலி கார்: இருக்கிற எஞ்சினைக் கட்டுவதா, பழைய எஞ்சின் வாங்குவதா?

குறைந்த செலவில் ராலி பழக மாருதி எஸ்டீம் இன்னும் நல்ல கார். 16 வால்வு எம்.பி.எஃப்.ஐ. (சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர்) மாடலில் இருப்பது 1298 சி.சி., 85 குதிரைத்திறன் எஞ்சின். புகை கக்கத் தொடங்கியதும் பலர் நேராகப் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டைக்கோ கோவை உக்கடத்துக்கோ போய் ஒரு பழைய எஞ்சினைத் தூக்கி வருகிறார்கள். பிளாக் (சிலிண்டர்கள் உள்ள எஞ்சின் உடல்) உடையாத வரை அது வீண் செலவு என்பது எங்கள் கருத்து. சந்தை எஞ்சினின் ஆயுளில் பாதிக்கு மேல் யாரோ ஒருவர் ஓட்டித் தீர்த்திருப்பார். மீதி எவ்வளவு என்று விற்பவருக்கும் தெரியாது.

முதலில் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம், பாருங்கள். எஞ்சின் சூடாக இருக்கட்டும். நான்கு பிளக்கையும் கழற்றி, இக்னிஷன், இன்ஜெக்டர் கப்ளர்களை (மின் இணைப்புகளை) எடுத்துவிட்டு, பிளக் துளையில் கம்ப்ரெஷன் கேஜை மாட்டி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டர் அடியுங்கள். பேட்டரி முழு சார்ஜில் இல்லாவிட்டால் வரும் எண்ணுக்கு மதிப்பே இல்லை. 199 பி.எஸ்.ஐ. வந்தால் புதுசு மாதிரி. 170க்குக் கீழே போனாலோ சிலிண்டர்களுக்குள் 14க்கு மேல் வித்தியாசம் வந்தாலோ பிரித்தாக வேண்டும். குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் பிஸ்டன் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட் (பிளாக்குக்கும் அதன் மேலுள்ள ஹெட்டுக்கும் நடுவிலுள்ள தகடு). ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும். ஹெட்டின் அடிப்பரப்பில் நேரான இரும்புச் சட்டமும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து, வளைவு 0.05 மி.மீ. தாண்டினால் ஃபேசிங் அடித்து மட்டமாக்குங்கள்.

ஆயில் ஃபில்டரை அறுத்துக் காகிதத்தை விரித்துப் பார்ப்பதைத் தவிர்க்காதீர்கள். பளபளக்கும் துகள் இருந்து, சூடானதும் கீழிருந்து தட்டும் சத்தமும் வந்தால், பேரிங் போயிருக்கிறது. அதற்கு மேல் ஓட்டினால் கனெக்டிங் ராடு பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும். அன்றைக்குத்தான் மாற்று எஞ்சின் உண்மையிலேயே தேவைப்படும்.

பிரித்த பிறகு முடிவு லேத்தில்தான். போர் கேஜில் சாய்வோ ஓவலோ 0.10 மி.மீ.க்கு மேல் போனால் ரீபோர், அதாவது சிலிண்டரைக் கொஞ்சம் பெரிதாகக் கடைவது. 74 மி.மீ. போருக்கு 0.25, 0.50 ஓவர்சைஸ் பிஸ்டன் உண்டு. நான்கையும் ஒரே சைஸுக்குப் போடுங்கள், பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடைவெளி 0.02 முதல் 0.04 மி.மீ. வரை. 0.50 போட்டால் கொள்ளளவு சுமார் 1316 சி.சி. ஆகும் என்பதால், உங்கள் போட்டிப் பிரிவின் விதியைப் படித்துவிட்டு லேத்துக்கு அனுப்புங்கள். கிராங்க்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கிரைண்ட் செய்தால் பேரிங்கும் அதற்கேற்ற அண்டர்சைஸ். ஆயில் பம்ப், வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட், சீல்கள் கண்டிப்பாகப் புதுசு.

பிளாக்கில் விரிசல், 0.50 ரீபோருக்கும் அடங்காத கீறல், முறிந்த கிராங்க்: இம்மூன்றுக்கு மட்டும் சந்தையில் பழைய எஞ்சின் வாங்கலாம். ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் போல் படிந்திருந்தால் தண்ணீர் கலந்த எஞ்சின், விட்டுவிடுங்கள். கழுவிப் பளபளப்பாக வைத்திருப்பதையும் ஓரங்களில் புது சிலிக்கான் வழிவதையும் சந்தேகத்தோடு பாருங்கள். கடையிலேயே பேட்டரி கொடுத்துக் கம்ப்ரெஷன் காட்டச் சொல்லுங்கள், மறுப்பவரிடம் வாங்காதீர்கள். ஜிப்ஸி கிங் எம்.பி.எஃப்.ஐ. எஞ்சினும் இதே குடும்பம். ஆனால் அது நீளவாக்கில் உட்காருவது, எஸ்டீமில் இருப்பது குறுக்குவாக்கில். சம்ப் (அடியிலுள்ள ஆயில் தொட்டி), மவுண்டிங், தண்ணீர்க் குழாய் எல்லாம் உங்கள் பழைய எஞ்சினிலிருந்துதான் வர வேண்டும். பில் வாங்க மறக்காதீர்கள். ராலி காரும் ஒரு ஸ்டேஜிலிருந்து (போட்டி நடக்கும் பாதை) அடுத்த ஸ்டேஜுக்குப் பொதுச் சாலையில்தான் போகிறது, எஞ்சின் எண் மாறினால் ஆர்.சி.யில் ஏற வேண்டும்.

எதைச் செய்தாலும் முதல் எஞ்சினைக் கொன்றது எது என்று கண்டுபிடித்த பிறகே வண்டியில் ஏற்றுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியின் விளிம்பில் தூசி கசிந்த தடம், சேறு அடைத்த ரேடியேட்டர், கல் அடித்து நசுங்கிய சம்ப் ஆகிய மூன்றையும் பாருங்கள். சம்ப் நசுங்கினால் ஆயில் உறிஞ்சும் வலை அடியில் ஒட்டிக்கொள்ளும். பம்ப் புதிதாக இருந்தும் பேரிங்குக்கு ஆயில் போகாது.