மான்டினீக்ரோவா, ஸ்லோவேனியாவா?

மலை, கடல், பழைய ஊர் மூன்றையும் ஒரே வாரத்தில் பார்க்க ஐரோப்பாவில் இடம் தேடினால், கடைசியில் மனசு ஊசலாடுவது இந்த இரண்டு குட்டி நாடுகளுக்கு நடுவில்தான். இரண்டும் பழைய யூகோஸ்லாவியாவின் துண்டுகள். இரண்டிலும் யூரோதான் செல்லும்.

ஸ்லோவேனியாவுக்குக் கடற்கரை சுமார் 47 கிலோமீட்டர்தான். அதில் பிரான் என்ற ஊர் ரொம்ப அழகு. வெனிஸ் ஆண்ட காலத்துச் சந்துகள், அங்கே பிறந்த வயலின் மேதை தார்த்தினியின் பெயரில் ஒரு சதுக்கம். ஒரு நாள் போதும். அந்த நாட்டின் உயிர் மலைப்பக்கம்தான் இருக்கிறது. பிளெட் ஏரித் தீவுக்குத் துடுப்புப் படகில் போய் 99 படி ஏறினால் தேவாலயம். கூட்டம் பிடிக்காவிட்டால் அங்கிருந்து பஸ் ஏறி போஹின் ஏரிக்குப் போய்விடுங்கள்.

மான்டினீக்ரோவில் மலையும் கடலும் தனித்தனியாக இல்லை. கோட்டோர் ஊரின் மதில் கடலோரத்தில் தொடங்கி அப்படியே மலைமேல் ஏறுகிறது; உச்சிக்கோட்டை வரை சுமார் 1,350 படிகள். நிழல் கிடையாது, விடியற்காலையிலேயே ஏறிவிட வேண்டும். பாதி வழியில் திரும்பிப் பார்த்தால் சிவப்பு ஓட்டுக் கூரைகள், அதை ஒட்டி வளைகுடா, எதிரே மறுபடியும் மலை.

பக்கத்தில் பெராஸ்ட். அங்கே கடலில் கல்லைக் கொட்டிக் கொட்டியே ஒரு தீவை உண்டாக்கி, அதன்மேல் மாதா கோயில் கட்டியிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் மாதா படத்தை யாசின்டா என்ற உள்ளூர்ப் பெண் 25 வருடம் உட்கார்ந்து தையல் வேலையாகச் செய்தாராம். பொன், வெள்ளி இழைகளோடு தன் தலைமுடியையும் கோத்திருக்கிறார். எனக்கு பிளெட்டை விட இந்தத் தீவுதான் பெரிது.

உள்நாட்டில் தாரா நதியின் பள்ளத்தாக்கு 1,300 மீட்டர் ஆழம். ஆனால் கார் இல்லாமல் அங்கே அலைவது சிரமம். ஸ்லோவேனியாவில் பஸ்ஸும் ரயிலுமே போதும். வயதான அம்மா அப்பாவைக் கூட்டிப்போகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஸ்லோவேனியாதான். மற்றவர்களுக்கு என் ஓட்டு மான்டினீக்ரோவுக்கு.

அப்புறம், விசா. ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குள் போய்வர விடும் செங்கன் வட்டத்துக்குள் ஸ்லோவேனியா இருக்கிறது, மான்டினீக்ரோ வெளியே. குரோஷியாவும் செங்கனுக்குள்தான்; அதனால் அதன் துப்ரோவ்னிக் ஊர் வழியாக மான்டினீக்ரோவுக்குப் போய்விட்டு அதே வழியில் திரும்புவதென்றால் பலமுறை நுழையும் விசா கையில் இருக்க வேண்டும்.

கோட்டோரில் மதிலுக்கு உள்ளேயே அறை எடுங்கள். பகலில் கப்பல் பயணிகளின் நெரிசல். சாயங்காலம் கப்பல்கள் கிளம்பியதும் சந்துகள் காலியாகும். ஊர்ப் பூனைகள் வந்து கல்தரையில் படுத்துக்கொள்ளும்.