ஃபெஸ் ஹாஸ்டலில் 2,400 திர்ஹாம் போச்சு: மொராக்கோ போகிறவர்கள் ஒரு நிமிடம் படியுங்கள்

காலை ஏழு மணி. ஃபெஸ் ரயில் நிலையத்தில் காசாபிளாங்கா வண்டிக்காகக் காத்துக்கொண்டு இதைத் தட்டுகிறேன். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மலிவு விலை ஹாஸ்டலில் 2,400 திர்ஹாமைப் பறிகொடுத்துவிட்டேன். நம் காசில் இருபதாயிரத்துக்கு மேல். பெயரைப் போடப்போவதில்லை. நீல வாசல் என்று எல்லோரும் படம் எடுக்கும் பாப் பூ ஜெலூதிலிருந்து நடக்கிற தூரம். நடுவில் முற்றம், மேலே மொட்டைமாடி, அறைக்கு எட்டு அடுக்குக் கட்டில் என்று பழைய வீட்டை ஹாஸ்டலாக்கிய இடம். மதினாவுக்குள், அதாவது பழைய நகரத்துக்குள், இந்த மாதிரி ஏகப்பட்டது உண்டு.

விவரம் தெரியாமல் போகவில்லை. ஃபெஸ்ஸின் பழைய நகரம் கார் நுழையாத சந்துகளால் ஆனது. பின்னாலிருந்து 'பாலக், பாலக்' என்று குரல் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், தோல் மூட்டையோடு கழுதை வருகிறது என்று அர்த்தம். சந்து முனைப் பையன்கள் 'அந்தப் பக்கம் மூடியிருக்கு, நான் வழி காட்டுறேன்' என்பார்கள். நம்பிப் போனால் ஷுவாரா என்கிற தோல் பதனிடும் தொட்டிகளுக்கு மேலே ஏதோ ஒரு கடை மாடியில் நிறுத்தி, நாற்றத்துக்குப் புதினாக் கொத்தைக் கையில் திணித்து, காசு கேட்பார்கள். இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் போனேன். மூன்று பையன்களைக் கழற்றிவிட்டு, தலா கெபீரா என்கிற தெருச் சரிவில் பையை இழுத்துக்கொண்டு ஹாஸ்டல் கதவைத் தட்டியபோது எனக்கு என்ன ஒரு பெருமை!

உள்ளே இருந்த மேலாளர் 'இந்தியாவா? ஷாருக் கான்!' என்று கட்டிப்பிடிக்காத குறை. ஈரக் காலணியைக் கழற்றச் சொல்லி, கணப்புக்குப் பக்கத்தில் அவனே கொண்டுபோய் வைத்தான். கெண்டியைத் தலைக்கு மேலே தூக்கி, ஒரு சொட்டுச் சிந்தாமல் குட்டிக் கண்ணாடி டம்ளரில் புதினா டீ ஊற்றினான். இரண்டாவது டம்ளரில்தான் பேச்சை எடுத்தான். புக்கிங் தளம் கமிஷன் அடிக்கிறது, அதை ரத்து செய்துவிடு, இரவுக்கு 120 வேண்டாம், 100 கொடு. ரத்துக் கட்டணம் வருமே என்றேன். 'நீ கோரிக்கை அனுப்பு, கட்டணம் வேண்டாம் என்று நான் அழுத்துகிறேன்' என்றான். சொன்னபடியே அழுத்தினான். இரண்டே நிமிடத்தில் ரத்து. அந்த இடத்தில்தான் முழுசாக நம்பினேன். இவ்வளவு நேர்மையாக இருக்கிறானே!

அப்புறம் சுவரில் இருந்த மணல்மேட்டுப் படத்தைக் காட்டினான். பாலைவன ஓரத்து ஊரான மெர்சூகாவுக்கு மூன்று நாள் பயணம், வண்டி, ஒட்டகம், கூடாரம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 2,000. நான்கு இரவுக்கு 400. பன்னிரண்டு இருநூறு திர்ஹாம் நோட்டுகளை எண்ணிக் கொடுத்தேன். அவனும் ஒருமுறை எண்ணி, ஒரு நோட்டுப் புத்தகத்தில் அரபியில் ஏதோ எழுதினான். பென்சிலில். ரசீது கேட்க வாய் வரை வந்தது. டீயைக் குடித்துவிட்டுக் கேட்பது அசிங்கமாக இருக்குமே என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் மதியம் வந்து பார்த்தால் என் பை வாசலில். 'குழு ஒன்று வந்திருக்கிறது, உனக்கு மாடியில் அருமையான இடம்' என்றான். அருமையான இடம் என்பது மொட்டைமாடித் தகரக் கொட்டகை, ஓதம் ஏறிய மெத்தை. பிப்ரவரி ராத்திரி, ஸ்வெட்டர் இரண்டு போட்டும் பல் கிட்டியது. இணையதளத்தில் புக்கிங் இருந்திருந்தால் கேட்டிருக்கலாம். அதைத்தான் நானே ரத்து செய்துவிட்டேனே.

மெர்சூகா வண்டி காலை ஏழரைக்கு. வரவில்லை. 'டிரைவருக்கு உடம்பு சரியில்லை, ஃகத்தா, இன்ஷா அல்லாஹ்.' ஃகத்தா என்றால் நாளை. மறுநாளும் ஃகத்தா. பணத்தைக் கொடு என்றால் 'ஸாஃபி, ஸாஃபி, மாஷி முஷ்கில்', பிரச்சினையே இல்லையாம்! பணம் டூர்க்காரனிடம் போய்விட்டதாம். டூர்க்காரன் யார்? மச்சான். மச்சான் எங்கே? மெக்னெஸில். நான்காம் நாள் மேலாளரையே காணோம். வரவேற்பில் இருந்த பையனுக்குத் திடீரென்று ஆங்கிலம் மறந்துபோனது. வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக், பதில் இல்லை.

புக்கிங் தளத்துக்கு எழுதினேன். உங்கள் கோரிக்கைப்படியே ரத்தானது, அதற்குப் பின் நடந்த பணப் பரிமாற்றத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று மூன்று வரி. சுற்றுலாப் பயணிகளுக்கான போலீஸ் பிரிவிலும் போய் நின்றேன், மரியாதையாகத்தான் பேசினார்கள். முதல் கேள்வி, ரசீது எங்கே? பென்சில் நோட்டுப் புத்தகத்தைப் பற்றி எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது.

இன்னொரு கூத்து. புக்கிங் ரத்தானவன் அந்தத் தளத்தில் விமர்சனம்கூட எழுத முடியாது. ஒழுங்காகத் தங்கியவன் மட்டும்தான் எழுதலாம். என்னை மாதிரி எத்தனை பேர் ரத்து செய்துவிட்டு வாயடைத்துப் போனார்களோ, அந்த இடத்துக்கு இன்னும் 9-க்கு மேல் மதிப்பெண். அதனால்தான் இங்கே வந்து புலம்புகிறேன்.

விவரமாகப் பத்து யோசனை எழுதலாம் என்று ஆரம்பித்தேன், வண்டி அறிவித்துவிட்டார்கள். போட்ட புக்கிங்கை யார் சொன்னாலும் ரத்து செய்யாதீர்கள், 20 திர்ஹாம் மிச்சத்துக்காக வேண்டவே வேண்டாம். பாலைவனப் பயணத்துக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள், மெர்சூகா வரை பொதுப் பேருந்தே போகிறது, அங்கே போய் ஏற்பாடு செய்துகொள்ளலாம். ரசீது இல்லாமல் நோட்டை எடுக்காதீர்கள். எத்தனை டம்ளர் டீ ஊற்றினாலும் சரி.

அந்த 2,400-ல் ஒரு இருநூறாவது திரும்பி வந்தால் சொல்கிறேன்.