ஜோர்னாடா 720: நெட் இல்லாமலே லினக்ஸ்

ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்தில் போன் சிக்னல் வரும், போகும். அங்கே மழை அளவும் கூலிக் கணக்கும் எழுத, ஹெச்பி 2000-இல் வெளியிட்ட ஜோர்னாடா 720 கையடக்கக் கணினியைத்தான் வைத்திருக்கிறேன். 206 மெகாஹெர்ட்ஸ் ஸ்ட்ராங்ஆர்ம் சிப், 32 எம்பி ராம். ஆனால் அந்தக் கீபோர்டு! பத்து விரலும் வைத்து நன்றாகவே தட்டலாம்.

இதில் விண்டோஸுக்குப் பதில் ஓடக்கூடிய இயங்குதளம் லினக்ஸ். இந்த வகைக் கருவிகளுக்கென்றே வந்த ஜேலைம் என்ற லினக்ஸைப் போட, கருவியில் நெட் தேவையில்லை. சேலத்தில் தம்பி வீட்டுக் கணினியில் எல்லாவற்றையும் இறக்கி, காம்பாக்ட் ஃபிளாஷ் என்ற மெமரி கார்டின் இடத்தை இரண்டு பகுதியாகப் பிரித்தேன். விண்டோஸ் படிக்கக்கூடிய ஃபேட் வடிவப் பகுதியில் கெர்னலும் (லினக்ஸின் மையப் பகுதி) அதை எழுப்பும் பூட் நிரலும்; லினக்ஸுக்கான இஎக்ஸ்டி2 வடிவப் பகுதியில் மற்றதெல்லாம். கார்டைச் செருகி, கருவியோடு வந்த விண்டோஸ் சிஇ-யிலிருந்தே பூட் நிரலைத் தட்டினால் லினக்ஸ் எழுந்துவிடும். விண்டோஸ் சாதாரணமாக அழியாத ரோம் சிப்பில் இருப்பதால் அதற்கு ஒரு கீறலும் விழாது. ஆனால் ராமில் சேமித்து வைத்தவை அழிந்துவிடும்; அவற்றை முதலில் நகலெடுத்துக்கொண்டு முயலலாம்.

கூடுதல் மென்பொருள் போடுவதுதான் சிரமம். ஒரு ஐபிகே கோப்பு (இந்த லினக்ஸில் மென்பொருள் வரும் தொகுப்பு) கேட்கும் துணைக் கோப்புகளையெல்லாம் முன்கூட்டியே பார்த்து இறக்கிக்கொள்ள வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் மறுபடி மலையிறங்க வேண்டியதுதான். எல்லாம் சரியாகச் சேர்ந்துவிட்டால் அப்புறம் அது பாட்டுக்கு ஓடும்.

வெயிலில் திரை மங்கல். என்னுடையதில் பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது. வாங்குபவர்கள் முதலில் அதைப் பாருங்கள். சிஆர்2032 பட்டன் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். பெரிய பேட்டரியைக் கழற்றும்போது ராமில் உள்ளதைக் காப்பது அதுதான்.