ஷாக் சீல் கிட்: சரக்கு நல்லது, கூட வந்த தாள்தான் மோசம்
அரிசோனா மண் ரோட்டில் மூன்று வருஷம் உதை வாங்கிய டொயோட்டா டகோமா பிக்கப் வண்டி என்னுடையது. பின்பக்க ஷாக் (குலுக்கலை அடக்கும் அப்சார்பர்) இரண்டிலும் எண்ணெய் கசிந்து, தண்டைச் சுற்றிப் புழுதியோடு கரும்பசையாக அப்பியிருந்தது. பட்டறையில் கேட்ட கூலிக்கு மலைத்துப்போய், 2.5 இன்ச் ரிசர்வாயர் ஷாக்குக்கான (கூடுதல் குடுவை வைத்த வகை) சீல் கிட்டை, அதாவது கசிவை அடைக்கும் வளையங்களின் தொகுப்பை, ஆன்லைனில் வாங்கினேன்.

ஓ-ரிங், வைப்பர் (தண்டின் புழுதியைத் துடைக்கும் வளையம்), தண்டு சீல், எல்லாமே அளவு கச்சிதம். ஆனால் ஷாக்கைத் திறக்கும் முன் உள்ளே அடைத்திருக்கும் நைட்ரஜன் வாயுவை முழுசாக வெளியேற்ற வேண்டும் என்பதைச் செய்முறைத் தாளின் கடைசியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள்! உள்ளே 200 பிஎஸ்ஐ அளவுக்கு அழுத்தம் இருக்கும், மூடி பறந்தால் முகம் போச்சு.

தண்டின் மரையைத் தாண்டும்போது ஒரு சீலைக் கிழித்துவிட்டேன், அது என் அவசரம். அடுத்ததை இறக்கும்போது மரைமேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றி எண்ணெய் தடவினேன், வழுக்கிக்கொண்டு போனது. வால்வுத் தகடுகளைக் கழற்றிய வரிசையிலேயே கம்பியில் கோத்து வையுங்கள், ஒன்று மாறினாலும் வண்டியின் நடையே மாறிவிடும். அப்புறம் எண்ணெய் ஊற்றி, பிஸ்டனை மெல்ல மேலும் கீழும் அசைத்து, குமிழி நிற்கிற வரை பொறுமை வேண்டும், எனக்கு முதல் ஷாக்குக்கே அரை நாள்.

நைட்ரஜனை மட்டும் பட்டறையில் நிரப்பினேன். சாதாரணக் காற்று வேண்டாம், அதில் ஈரம் இருக்கும்.

ஆறு மாதமாகச் சொட்டுக் கசிவில்லை. கிட்டுக்கு நாலு ஸ்டார், தாளுக்கு அரைகூடக் கிடையாது.