கேம்பர் வேன் கூரை ரிப்பேர்: சாட்ஸ்வொர்த் பட்டறை
பட்டனை அழுத்தினால் என் கேம்பர் வேனின் மேலெழும் கூரை பாதி ஏறி நின்றுவிடும், மோட்டார் மட்டும் முனகும். வேறொரு இடத்தில் கூரையைத் தூக்கும் பம்பையே மாற்றச் சொன்னார்கள், கேட்ட விலைக்கு ஒரு பழைய காரே வாங்கலாம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் இந்தச் சின்ன எலக்ட்ரிக் பட்டறைக்காரர் பம்பைத் தொடவே இல்லை. என்னைப் பட்டனை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மீட்டரை வைத்தார், பேட்டரியில் 12 வோல்ட்டுக்கு மேல், மோட்டார் முனையிலோ 9-க்கும் கீழே, அதாவது வழியில் ஒயரில்தான் கோளாறு. சும்மா இருக்கும்போது எல்லா ஒயரும் நல்ல ஒயர்தான், மோட்டார் ஓடிச் சுமை ஏறினால்தான் வண்டவாளம் தெரியும். அப்புறம் பார்த்தால், எர்த் ஒயர் வேனின் பாடியில் சேரும் இடத்தில் கடல் காற்றுபட்டுப் பச்சைப் பசேலென்று களிம்பு! சுரண்டி, ஒயர் முனையில் புது லக் (உலோக வளையம்) போட்டு, கிரீஸ் தடவினார். இப்போது ஜம்மென்று ஏறுகிறது. ஃபோனை மட்டும் எடுக்கவே மாட்டார், காலையிலேயே நேரில் போய்விடுங்கள்.