புது டயர் போட்டதும் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? என்னைப் போல ஏமாறாதீர்கள்

நேற்று மாலைதான் உண்மை தெரிந்தது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. நான்கு புது டயர், இரண்டு முறை வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது), தேவையே இல்லாமல் மாற்றிய இரண்டு லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் அடிப்பாகத்தோடு இணைக்கும் பாகம்). எல்லாம் சேர்த்து என்னுடைய ஒன்றரை மாதச் சம்பளம் போய்விட்டது. கடையின் பெயரை எழுதவில்லை. பல கம்பெனி டயர்களைச் சுவர் முழுக்க அடுக்கி, நம்மைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஏசியில் உட்காரவைத்துவிட்டு அந்தப் பக்கம் வேலை செய்யும் பெரிய டயர் ஷோரூம் வகை. புது டயருக்குப் பிறகு வண்டி சரியாக ஓடவில்லை என்றால் எங்கே கோளாறு என்று படிப்படியாகக் கண்டுபிடிப்பது எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் நாள் அந்த மேனேஜர் நடந்துகொண்டதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. பழைய டயர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன ரப்பர் மேட்டை விரலால் தொட்டுக் காட்டினார். "இந்த மேடும் டயரும் சமமாயிடுச்சு பாருங்க மேடம். 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம். மழையில பிரேக் அடிச்சா நிக்காது." அது முழுக்க உண்மை. அந்த மேடு அதற்காகத்தான் இருக்கிறது. பழைய டயரைப் பற்றி உண்மை சொன்னவர் புது டயரைப் பற்றியும் உண்மைதான் சொல்வார் என்று நம்பினேன். அவர் காட்டிய டயரையே நான்காகப் போடச் சொல்லிவிட்டு, அவர்கள் எடுத்துவந்த டயர்களை ஏறெடுத்தும் பார்க்காமல் உள்ளே போய் உட்கார்ந்தேன். நான் செய்த ஒரே தப்பு அதுதான்.

அன்றே அப்பாவை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போனேன். அறுபதைத் தாண்டியதும் ஸ்டியரிங் காகிதம் மாதிரி லேசாகிவிட்டது. கையை ஒரு நொடி தளர்த்தினால் வண்டி எதிரே வரும் லாரிப் பக்கமே போகிறது. கவனியுங்கள், ஓரத்துக்கு அல்ல. அப்பா கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்தவர் வீடு வரும்வரை விடவில்லை.

மறுநாள் போனேன். "புது டயர் அப்படித்தான் மேடம் இருக்கும், ஐநூறு கிலோமீட்டர் ஓடினா செட் ஆயிடும்" என்றார்கள். இதிலும் பாதி உண்மை இருக்கிறது. வார்ப்பிலிருந்து எடுக்கும்போது ஒட்டாமல் இருக்கப் பூசும் வழுவழுப்பு கொஞ்ச தூரம் ஓடினால்தான் போகும். தேய்ந்த டயருக்குப் பழகிய கைக்கு ஆழமான புது ரப்பர் கொஞ்சம் நெளிவது போலவும் தெரியும். ஆனால் அதெல்லாம் வண்டியை ஒரே பக்கமாக இழுக்காது. நான் விடாமல் நின்றதால் காற்றைப் பார்த்தார்கள். நான்கிலும் 44 பிஎஸ்ஐ! டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் என் வண்டிக்கு 33 என்று போட்டிருக்கிறது. குறைத்தார்கள், ஸ்டியரிங்கின் அந்த லேசான தன்மை போய்விட்டது. சரி, இதுதான் கோளாறு என்று சந்தோஷமாகத் திரும்பினேன். இழுப்பு மட்டும் அப்படியே இருந்தது.

இரண்டாவது முறை போனபோது மறுபடி அலைன்மென்ட், மறுபடி காசு. அளவுகள் முன்பு சிவப்பு, அதாவது தப்பு, இப்போது பச்சை, அதாவது சரி என்று ஒரு அச்சடித்த தாளைக் கையில் கொடுத்தார்கள். வாசலைத் தாண்டியதும் அதே இழுப்பு. மூன்றாவது முறை, "லோயர் ஆர்மோட ரப்பர் புஷ் போயிடுச்சு மேடம், இதை மாத்தாம எந்த டயர் போட்டாலும் இழுக்கத்தான் செய்யும்" என்றார்கள். பழைய டயரில் நேராக ஓடிய வண்டிக்கு டயர் மாற்றிய அன்றே எப்படி ஆர்ம் போகும் என்று கேட்டேன். "வீட்ல ஆம்பளைங்க யாராவது இருந்தா அழைச்சிட்டு வாங்க, விளக்கிச் சொல்றோம்" என்றார் அந்த மேனேஜர். பதினைந்து வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். அப்படிக் கேட்டும், அப்பாவை வைத்துக்கொண்டு ஓட்டப் பயந்து இரண்டு ஆர்மையும் மாற்றச் சொன்னேன். ஒன்றரை மாதச் சம்பளம் என்று சொன்னேனே, அதில் மூன்றில் ஒரு பங்கு இதற்குத்தான் போனது. மாற்றிய பிறகும் இழுத்தது. நான்காவது முறை, "ரோடு சரிவா இருக்கு மேடம்" என்றார்கள். தண்ணீர் வடிய வேண்டும் என்று சாலையை நடுவிலிருந்து ஓரத்துக்குச் சரித்துத்தான் போடுவார்கள். அந்தச் சரிவில் வண்டி ஓரத்துக்குத்தான் நகரும், மேட்டைப் பார்த்து ஏறாது!

நேற்று வேறு ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அங்கிருந்த அண்ணன் எந்த மெஷினையும் தொடவில்லை. என்னோடு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். பிறகு முன் சக்கரம் இரண்டையும் கழற்றி இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டி, "இப்ப ஓட்டிப் பாருங்கம்மா" என்றார். வண்டி மறுபக்கம் இழுத்தது. பத்து நிமிஷ வேலை. சக்கரத்தோடு சேர்ந்து இழுப்பும் பக்கம் மாறினால் கோளாறு டயரில். மாற்றியும் அதே பக்கம் இழுத்தால்தான் அலைன்மென்ட், பிடித்துக்கொண்டே இருக்கும் பிரேக், ஆர்ம் என்று தேட வேண்டும். டயருக்குள்ளே இருக்கும் கம்பிப் பட்டை தயாரிப்பில் மையம் விலகி உட்கார்ந்துவிட்டால், வெளியே உருண்டையாகத் தெரிந்தாலும் டயர் ஒரு கூம்பு மாதிரி உருளுமாம். கூம்பு நேராக உருளாது, சிறுத்த பக்கமாக வளையும். பேலன்சிங் மெஷினில் எடை சரியாகத்தான் காட்டும், இது தெரியாது.

அப்புறம் அந்த இரண்டில் அவர் சந்தேகப்பட்ட டயரின் பக்கவாட்டைத் துடைத்து டார்ச் அடித்தார். DOT என்ற எழுத்துக்களோடு தொடங்கும் வரிசையில் கடைசி நான்கு இலக்கம் 3421. அதாவது 2021-ஆம் வருஷம் 34-வது வாரம். மற்ற மூன்றிலும் 1125. ஒரே பில், ஒரே விலை, அதில் ஒன்று மூன்றரை வருஷம் பழைய சரக்கு. அதன் வயசுக்கும் இழுப்புக்கும் சம்பந்தமில்லை என்று அவரே சொன்னார். ஆனால் கிடங்கில் அத்தனை வருஷம் கிடந்ததைப் பார்த்து எடுத்து என் தலையில் கட்டியிருக்கிறார்கள். பிறகு வண்டிக்கு அடியில் கூப்பிட்டு ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் கம்பியின் லாக் நட்டைக் காட்டினார். காய்ந்த பழைய சேறு ஒரு கீறல்கூட இல்லாமல் அதன் மேல் அப்பியிருந்தது. அந்த நட்டைத் தளர்த்தாமல் டோ, அதாவது முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம், மாறவே மாறாது. இரண்டு முறை காசு வாங்கினார்களே, ஒரு முறைகூட ஸ்பேனர் வைக்கவில்லை!

அங்கிருந்தே அந்த ஷோரூமுக்குப் போன் செய்தேன். "ஓடின டயரைத் திரும்ப எடுக்க மாட்டோம், கம்பெனியில க்ளெய்ம் போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். அதன் பிறகு மூன்று முறை அடித்தேன். மேனேஜர் வெளியே போயிருக்கிறாராம், வந்ததும் பேசுவாராம்.

விரிவாக எழுதுவேன் என்று சொன்னேன், இப்போது முடியவில்லை. அவசரமாக இவ்வளவு மட்டும்: டயரை ரிம்மில் ஏற்றும் முன்பே நான்கிலும் அந்த நாலு இலக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காற்றுக்குக் கதவுத் தூண் ஸ்டிக்கர்தான் கணக்கு, டயரில் எழுதியிருப்பது அது தாங்கும் உச்ச அளவு. இழுத்தால் முதலில் முன் சக்கரங்களைப் பக்கம் மாற்றச் சொல்லுங்கள், அதற்கு முன் எந்த பாகத்துக்கும் காசு கொடுக்காதீர்கள். ஒரே திசையில் சுழல வேண்டும் என்று அம்புக்குறி போட்ட டயராக இருந்தால் மட்டும், சோதித்த உடனே பழைய இடத்துக்கே மாற்றிவிட வேண்டும். அலைன்மென்ட் செய்யும்போது கண்ணாடிக்குப் பின்னால் உட்காராமல் பக்கத்திலேயே நில்லுங்கள்.

அந்த டயரை இப்போதைக்கு அண்ணன் பின்னால் மாற்றிப் போட்டிருக்கிறார். இழுப்பு பெரும்பாலும் அடங்கிவிட்டது. பில், பச்சைத் தாள், சேறு படிந்த நட்டின் படம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நாளைக் காலை கடை திறக்கும் நேரத்துக்குப் போகிறேன். அப்பாவும் வருகிறேன் என்கிறார். வேண்டாம், நானே பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.